மாணவர் இதழை வடிவமைத்து, படமெடுத்து, திரும்பிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி: பெங்களூரு அல்சூரை முன்வைத்து

காட்சித் தொடர்பியலும் இதழியலும் படிக்கும் மாணவர்களுக்குக் கடைசி ஆண்டில் ஓர் இதழைத் தாங்களே தயாரித்துக் கொடுக்கும் பணி வருகிறது. கல்லூரித் தமிழ் மன்றங்கள் ஆண்டு மலர் போடுவதும் ஏறக்குறைய இதே வேலைதான். பெங்களூருவில் தமிழில் இதழ் செய்ய வரும் மாணவர்களோடு உட்கார்ந்து பக்கம் பார்க்கும் வாய்ப்பு எனக்குத் தொடர்ந்து கிடைக்கிறது. அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலோர் வேலையை ஒரே வரிசையில் செய்கிறார்கள். முதலில் ஊரெல்லாம் சுற்றிப் படங்களைக் குவிக்கிறார்கள்; பிறகு அவற்றைப் பக்கங்களில் அடைக்கிறார்கள்; எல்லாம் முடிந்த கடைசி இரவில் மதிப்பீட்டுக் குறிப்பு என்று நான்கு பக்கம் எழுதிச் சேர்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். பக்கம் முதலில் பிறக்கட்டும். படம் அந்தப் பக்கத்துக்காக எடுக்கப்படட்டும். ஏன் அப்படிச் செய்தோம் என்பது அன்றன்றே எழுதப்படட்டும்.

எடுத்துக்காட்டாக, அல்சூரைப் பற்றிய 32 பக்கத் தமிழ் இதழ் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பொருள் சிவாஜிநகராகவோ, ஸ்ரீராமபுரமாகவோ, கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வேலைக்கு வருகிறவர்களாகவோ இருக்கலாம். வழிமுறை ஒன்றுதான்.

பொருளை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“பெங்களூருத் தமிழர் வாழ்க்கை” என்ற தலைப்போடு வரும் குழுக்களிடம், இது 32 பக்கத்தில் அடங்காது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். 1809இல் பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பான கண்டோன்மென்ட் அமைந்ததிலிருந்து சிப்பாய்களாகவும் வணிகர்களாகவும் தொழிலாளர்களாகவும் வந்து குடியேறியவர்களின் கதை அது. அல்சூரையும் உள்ளடக்கிய அந்தப் பகுதி 1947 வரை ரெசிடென்ட் என்னும் பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதியின் நிர்வாகத்தில் தனி ஊராக இருந்தது. 1949இல்தான் பழைய பெங்களூருவோடு சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆனது. அல்சூர்த் தெருக்களில் தமிழ் இவ்வளவு இயல்பாகக் காதில் விழுவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம். இதழின் பொருளோ கால்நடையாகச் சுற்றிவரும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும்.

“விடியற்காலை முதல் கடையடைக்கும் வரை அல்சூர் கடைத்தெருவில் கையால் நடக்கும் தொழில்கள்” என்று ஒரு வாக்கியம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, கை என்ற காட்சியும் இருக்கிறது. எந்தப் படம் உள்ளே வரும், எது வராது என்று குழுவுக்குள் வாக்குவாதம் வரும்போது அந்த வாக்கியம் தீர்ப்புச் சொல்லும். அல்சூர் ஏரியில் சூரியன் மறையும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த இதழில் அதற்கு இடம் இல்லை.

படமெடுக்கப் போகுமுன் படிக்கவும் வேண்டும். 1950இல் தொடங்கிய பெங்களூருத் தமிழ்ச் சங்கம் ஏரிக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே நூலகமும் உண்டு. ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலையை எத்தனை கோணத்தில் எடுத்தாலும் இந்த இரட்டைத் திறப்பு படத்தில் விழாது. படக்குறிப்புதான் அதைச் சொல்லும். படக்குறிப்புக்கான செய்தி கையில் இருக்கிறவர் சிலையையும் வேறு மாதிரி எடுப்பார்.

குறிப்பேட்டை முதல் நாளே திறவுங்கள்

நூறு பக்கக் கோடு போடாத நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன முடிவு செய்தோம், வேறு என்ன செய்திருக்கலாம், ஏன் இதைத் தேர்ந்தோம். தேதி போடுங்கள். தூக்கி எறிந்த வரைவுகளையும் அதிலேயே ஒட்டிவையுங்கள். கைவிட்ட அட்டைப்படத்தின் சின்ன அச்சு ஒன்று, மதிப்பெண் போடும் ஆசிரியருக்கு உங்கள் சிந்தனையைக் காட்டும் அளவுக்கு நான்கு பக்கக் கட்டுரையும் காட்டாது.

இன்னொரு பயனும் இருக்கிறது. தெருவில் படமெடுக்கும்போது, படத்தில் இருப்பவரிடமே இந்த நோட்டைக் கொடுத்து அவர் பெயரைக் கைப்பட எழுதச் சொல்லுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் பற்றிய குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். தமிழிலா கன்னடத்திலா எதில் எழுதுகிறார் என்பதும் ஒரு செய்திதான். எழுதத் தெரியாது என்று சொன்னால், நீங்கள் எழுதி அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அளவு, தாள், பக்கக் கணக்கு

மாணவர்கள் யோசிக்காமல் ஏ4 என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஏ4 என்பது 210 × 297 மி.மீ. பக்கத்தின் ஓரம் வரை படம் ஓட வேண்டுமானால் வெளிப்பக்கம் 3 மி.மீ. கூடுதலாக ப்ளீட், அதாவது வெட்டும்போது போய்விடும் ஓரம், விட வேண்டும். அப்போது விரித்த தாளின் அளவு 426 × 303 மி.மீ. ஆகிறது. டிஜிட்டல் அச்சகங்களில் அதிகம் புழங்கும் தாள் 12 × 18 அங்குலம், அதாவது சுமார் 305 × 457 மி.மீ. உயரத்தில் மிஞ்சுவது 2 மி.மீ. இயந்திரம் தாளைப் பிடிக்கும் விளிம்பில் அச்சு விழாது என்பதால், ஓரம் வரை ஓட வேண்டிய படத்தில் வெள்ளைக் கோடு வந்துவிடும். 13 × 19 தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்தின் உயரத்தை 280 மி.மீ. ஆகக் குறைத்துவிடுங்கள். 210 × 280 அளவு 12 × 18 தாளில் தாராளமாக அடங்கும். கையில் பிடிக்கவும் நன்றாக இருக்கும். நம் இதழுக்கு இதையே வைத்துக்கொள்வோம்.

நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 32 பக்கம் என்றால் எட்டுத் தாள். ஒரே தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 33 வரும்: 1ஆம் பக்கத்தோடு 32, 12ஆம் பக்கத்தோடு 21. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் செலவையும் குறைக்கலாம். சில தாள்களை மட்டும் வண்ணத்திலும் மற்றவற்றைக் கறுப்பு வெள்ளையிலும் அச்சிடலாம்; எந்தப் பக்கத்துக்கு வண்ணம் கிடைக்கும் என்பதை இந்த 33 தான் முடிவு செய்யும்.

பக்கங்களைத் திறந்து பார்க்கும்போது 16–17 மட்டுமே உண்மையில் ஒரே தாளில் தொடர்ச்சியாக அச்சாகும் இரட்டைப் பக்கம். மற்ற எல்லா இரட்டைப் பக்கங்களும் இரண்டு வெவ்வேறு தாள்களின் பாதிகள். அங்கே குறுக்கே ஓடும் படம் ஒன்றிரண்டு மி.மீ. ஏறி இறங்கும், வண்ணமும் சற்று மாறலாம். உங்கள் மிகப் பெரிய படம் 16–17க்கு உரியது.

தாளைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். சுல்தான்பேட்டைத் தாள் கடைகளில் மாதிரித் துண்டுகள் கேட்டு வாங்கலாம். படங்கள் பளிச்சென்று வர வேண்டுமானால் உள்பக்கத்துக்கு 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) ஆர்ட் தாள், அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் ஆர்ட் அட்டை. எழுத்து அதிகமுள்ள இதழுக்கு மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத தாள் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் அது மையை உறிஞ்சும், படங்கள் திரையில் பார்த்ததைவிட இருண்டு வரும். மேப்லித்தோவைத் தேர்ந்தால் படங்களின் நிழல் பகுதிகளை முன்கூட்டியே கொஞ்சம் வெளிச்சமாக்க வேண்டும்.

டம்மி: கேமராவுக்கு முந்திய வேலை

எட்டு வெள்ளைத் தாள்களை மடித்து, நடுவில் நூல் போட்டோ பின் அடித்தோ ஒரு வெற்று இதழ் செய்யுங்கள். பக்க எண் போடுங்கள். பென்சிலால் பெட்டிகள் வரையுங்கள். இங்கே முழுப்பக்கப் படம், இங்கே தலைப்பு, இங்கே கட்டுரை, இங்கே நான்கு சின்னப் படங்கள். படம் எதுவும் கையில் இல்லாமலேயே இதைச் செய்ய வேண்டும். எடுத்த படங்களை வைத்துக்கொண்டு பக்கம் வரைந்தால், எல்லாப் படமும் முக்கியமாகத் தோன்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நிரம்பிவிடும்.

நம் இதழின் டம்மி இப்படி ஓடலாம். 1 அட்டை. 2–3 உள்ளட்டையும் பொருளடக்கமும். 4–5 விடியற்காலைத் தெரு, நீளமான ஒரே படம், மிகக் குறைந்த சொற்கள். 6 முதல் 11 வரை பால், காய்கறி, தேநீர்க் கடைகள். 12–13 பூக்கட்டுபவர். 14–15 தையற்கடையின் நேர்காணல், ஒரே ஒரு சின்னப் படம், மீதியெல்லாம் எழுத்து. 16–17 முழுக்கப் படம். 18–19இல் பெட்டிச் செய்தியாக வரலாறு. இப்படிப் போய் 30–31இல் கடையடைப்பு. சத்தமான பக்கத்துக்கு அடுத்து அமைதியான பக்கம் வருகிறதா என்று புரட்டிப் பாருங்கள். மேசையில் தாள்களைப் பரப்பிப் பார்ப்பது போதாது. இதழைக் கையில் பிடித்துப் புரட்டினால்தான் வேகம் தெரியும்.

டம்மி முடிந்ததும் அதிலிருந்து படப்பட்டியல் எழுதுங்கள். “பக்கம் 4–5: கிடைமட்டப் படம், இடது மேல் மூலையில் தலைப்புக்கு வெற்றிடம்.” “பக்கம் 12: நெடுக்குப் படம், முகம், பார்வை வலப்பக்கம் நோக்கி.” “பக்கம் 13: கைகள், நெருக்கமாக, மூன்று.” இந்தப் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள்.

தெருவில் இறங்கும்போது

வெளிச்சத்தை முதலில் கணக்கிடுங்கள். பெங்களூரு ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். முகங்களில் கண்குழி கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும். காலை எட்டரை மணிக்குள்ளோ மாலை நான்கரைக்குப் பிறகோ எடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் மேகமூட்டம் உண்மையிலேயே வரம். நாள் முழுவதும் மென்மையான வெளிச்சம், பகலிலும் முகம் எடுக்கலாம்.

கடைக்குள் வேறு சிக்கல். மலிவான எல்இடி விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்கு ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழலாம். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். வாசலிலிருந்து பகல் வெளிச்சமும் உள்ளிருந்து வெள்ளை விளக்கும் சேர்ந்து விழுந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகும், மறு பாதி பச்சையாகும். “அண்ணா, இரண்டு நிமிடம் விளக்கை அணைத்துக்கொள்ளலாமா?” என்று கேளுங்கள். பல கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே அணைத்துவிடுவார்கள்.

விலையுயர்ந்த கேமரா கட்டாயமில்லை. 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் 4000 × 3000 பிக்சல் இருக்கும். நம் பக்கத்துக்கு ப்ளீட் சேர்த்து 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) தேவைப்படுவது சுமார் 2551 × 3378 பிக்சல். நெடுக்காக எடுத்த படம் அப்படியே போதும். அதே படத்தைக் கிடைமட்டமாக எடுத்து இரட்டைப் பக்கத்துக்கு விரித்தால் சுமார் 238 டிபிஐ கிடைக்கும். அதுவும் அச்சுக்கு ஏற்றதே. ஆனால் விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுக்காதீர்கள். நடந்து அருகில் போங்கள். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். கோப்பாக அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு எடுங்கள்.

இப்போது 12–13ஆம் பக்கம். சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூக்கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணியிடம் போகிறீர்கள். கேமராவை வெளியே எடுக்குமுன் பூ வாங்குங்கள், உட்காருங்கள், பேசுங்கள். “அக்கா, நீங்கள் கட்டுவதைக் கல்லூரிப் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” “எடுத்துக்கொள் தம்பி, ஆனால் கட்டி முடித்த மாலையும் தெரிய வேண்டும்.” அந்த ஒரு பதிலில் அவர் உங்களுக்குப் படத் தொகுப்பே செய்து கொடுத்துவிட்டார்: கட்டும் கை, கட்டிய மாலை.

அவருடைய இடது கை வாழைநாரைப் பிடித்திருக்கிறது. வலது கை இரண்டு மல்லிகை மொட்டுகளை ஒரு பக்கமும் இரண்டை எதிர்ப்பக்கமும் வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணியில் நுழைத்து இழுக்கிறது. இழுக்கும் அந்தக் கணத்தில்தான் விரல் நுனி வெளுத்து, நார் விறைப்பாக நிற்கிறது. அதுதான் படம். வெளியே பகல் வெளிச்சம் இருந்தால் 1/250இல் விரல் உறைந்து நிற்கும். 1/15இல் எடுத்தால் விரல்கள் கரைந்து மொட்டுகள் மட்டும் தெளிவாக நிற்கும். இரண்டையும் எடுங்கள். எது 13ஆம் பக்கத்துக்குப் பொருந்தும் என்பதைப் பக்கம் சொல்லும். முகத்தை எடுக்கும்போது அவர் வலப்பக்கமாகப் பார்க்கும் வரை காத்திருங்கள். இடப்பக்கத்தில் இருக்கும் முகம் வலப்பக்கத்தில் இருக்கும் கைகளைப் பார்க்க வேண்டும். இடப்பக்கமாகப் பார்த்தால் வாசகரின் கண்ணும் இதழைவிட்டு வெளியே போய்விடும்.

எந்தக் கடையானாலும் ஐந்து வகைப் படங்கள் இல்லாமல் திரும்பாதீர்கள்: தெருவோடு சேர்ந்த கடை, வேலை செய்யும் ஆள் இடுப்புவரை, முகம், கை, கருவி அல்லது பொருள் தனியாக. ஒவ்வொன்றையும் நெடுக்கிலும் கிடைமட்டத்திலும் எடுங்கள். தலைப்பு உட்காரச் சுவரோ வானமோ தரையோ கொஞ்சம் வெறுமையாக விடுங்கள். இரட்டைப் பக்கப் படத்தின் நடுவில் முகம் வராமல் பாருங்கள். மடிப்பு அதை விழுங்கிவிடும்.

பழைய கட்டடங்களின் பெயர்ப்பலகைகளில் கண் வையுங்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் ணை, லை, னை, றா போன்ற 13 எழுத்துகள் வேறு வடிவில் இருந்தன. துதிக்கை போலச் சுருண்ட அந்த ‘லை’ ஒரு சுவரில் கிடைத்தால், 18ஆம் பக்கப் பெட்டிச் செய்திக்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது.

சில எல்லைகளும் உண்டு. ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையின் மையம் இருக்கிறது. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். மெட்ரோ நிலையத்துக்குள்ளும் கோயிலுக்குள்ளும் முன்அனுமதி கேளுங்கள். குழந்தைகளைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எடுக்க வேண்டாம்.

தேர்வு

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு நாள் விட்டுவிட்டு, படங்களைத் தபால் அட்டை அளவில் மலிவாக அச்சிட்டு டம்மியின் மேல் வைத்துப் பாருங்கள். திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது வெற்றி பெறும் படம் பல சமயம் பக்கத்தில் தோற்கும். எடுத்தவர் தேர்வில் கடைசியாகப் பேசட்டும். அந்தப் படத்துக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது வாசகருக்குத் தெரியப்போவதில்லை. இணையத்தில் கிடைத்த படம் எதையும் நடுவில் செருகாதீர்கள். அது வேறொருவரின் உரிமை. உங்கள் இதழின் வெளிச்சத்தோடும் அது ஒட்டாது.

தமிழ் எழுத்தைப் பக்கத்தில் வைப்பது

ஆங்கில இதழ்களைப் பார்த்து, பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரிக்கும் அமைப்பை எடுத்துக்கொள்கிறார்கள். 210 மி.மீ. அகலப் பக்கத்தில் ஓரங்கள் போக 172 மி.மீ. மிஞ்சும். அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பத்தி 53 மி.மீ.; அதில் 10 புள்ளி (பாயின்ட்) அளவுத் தமிழ் எழுத்தில் மூன்று சொல் விழுந்தாலே அதிகம். ‘எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரு சொல் வந்தால் முழு வரியும் போய்விடும். இரு ஓரமும் சமப்படுத்தினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை தெரியும். இரண்டு பத்தி வையுங்கள். ஒவ்வொன்றும் 83 மி.மீ. நேர்காணல்களுக்கு இடப்பக்கம் மட்டும் சமப்படுத்தி வலப்பக்கத்தை இயல்பாக விடுங்கள்.

வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். மேலே ‘கி’, ‘கீ’யின் கொக்கிகள், கீழே ‘ழு’, ‘ளூ’வின் வால்கள், இரண்டும் மோதாமலிருக்க 10 புள்ளி எழுத்துக்கு 15 அல்லது 16 புள்ளி இடைவெளி வேண்டும். வரியின் தொடக்கத்தில் புள்ளி வைத்த மெய்யெழுத்து வரவே கூடாது. ‘வந்தா’ என்று ஒரு வரி முடிந்து அடுத்த வரி ‘ர்’ என்று தொடங்கினால் படிப்பவருக்கு மூச்சுத் தட்டும். மென்பொருள் இதைத் தானாகத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். கடைசி மெய்ப்பில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. கன்னடமும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் பெங்களூரு இதழுக்கு அனெக் எழுத்துருக் குடும்பம் மிகவும் பொருத்தம். மூன்று மொழிக்கும் ஒரே கை எழுதியது போல இருக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்னும் அமைப்பை இயக்காவிட்டால் கொம்புகள் இடம் மாறிவிடும். பணம் கட்ட முடியாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் 1.6 என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. எதில் செய்தாலும் ‘கொடுத்தேன், போகிறோம், கௌரவம், ஸ்ரீராமபுரம்’ என்ற நான்கு சொற்களைத் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள். நான்கும் ஒழுங்காக வந்தால் பயமில்லை.

அட்டைக்கு ஒரு முகமோ ஒரு பொருளோ போதும். இதழின் பெயர் உட்கார மேலே கால் பங்கு இடம் வெறுமையாக இருக்கட்டும். அட்டையைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் பெயரைப் படிக்க முடிய வேண்டும்.

அச்சகத்தில்

கட்டுரை எழுத்தெல்லாம் கறுப்பு மையில் மட்டும், நூறு விழுக்காடு இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்து மங்கலாகும். படங்களை நான்கு அச்சு மைகளின் வண்ண முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிப் பார்த்துவிடுங்கள்; செவ்வந்தியின் பளிச்சிடும் ஆரஞ்சும் கனகாம்பரமும் கொஞ்சம் மங்கும். அதே தாளில் ஒரே ஒரு பிரதி மாதிரி கேளுங்கள். வேறு தாளில் தரும் மாதிரியால் பயனில்லை. பின் அடித்து வெட்டும்போது உள்பக்கங்கள் சுமார் ஒரு மி.மீ. வெளியே தள்ளும் என்பதால் பக்க எண்ணை ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கள்.

சில பத்துப் பிரதிகளுக்கு டிஜிட்டல் போதும். பல நூறு என்றால்தான் தகடு செய்து அச்சடிக்கும் ஆஃப்செட் கட்டுபடியாகும். கல்லூரிக்குள் ஒருமுறை வரும் இதழில் ‘தனிச் சுற்றுக்கு மட்டும்’ என்று போடுவது வழக்கம். தொடர்ந்து வெளியிட நினைத்தால் பதிவு வேண்டும். 1867ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023இல் வந்த புதிய பத்திரிகை, பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் பார்க்கும் கட்டுரை

இதற்குத்தான் குறிப்பேடு. அச்சான இதழை ஒரு பக்கமும் டம்மியை மறுபக்கமும் வைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். எங்கெல்லாம் இரண்டும் மாறியிருக்கின்றனவோ, அங்கெல்லாம் எழுத ஒன்று இருக்கிறது. படம் கிடைக்காமல் மாறியதா, கிடைத்த படம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்ததால் மாறியதா, நேரமில்லாமல் மாறியதா? மூன்றும் வெவ்வேறு செய்திகள். மூன்றாவதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அடுத்து, இதழை அதன் வாசகரிடம் கொடுங்கள். வகுப்புத் தோழர்கள் பாராட்டிவிடுவார்கள், அது உதவாது. படத்தில் இருக்கும் கடைக்காரர்களிடமும், இதழை இதற்குமுன் பார்த்திராத ஒரு பெரியவரிடமும் கொடுத்துவிட்டு அருகில் பேசாமல் உட்காருங்கள். எந்தப் பக்கத்தில் நின்றார், எதை இரண்டு பக்கமாகச் சேர்த்துப் புரட்டினார், எங்கே கண்ணாடியைச் சரிசெய்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைச் சரிசெய்தால் எழுத்து சிறியது. படத்தைப் பார்த்துவிட்டுக் குறிப்பைத் தேடினால், குறிப்பு தவறான இடத்தில் இருக்கிறது. எதுவும் கேட்காமலேயே இவ்வளவும் தெரிந்துவிடும். பிறகு ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்?” பதில் உங்கள் முதல் வாக்கியத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதே உங்கள் மதிப்பீட்டின் நடுப்பகுதி.

எழுதும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். “இந்தப் பணி எனக்கு நல்ல அனுபவமாக அமைந்தது, பல புதிய விஷயங்களைக் கற்றுக்கொண்டேன்” என்ற வாக்கியத்தை எந்த மாணவரும் எந்தப் பணிக்கும் எழுதலாம். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: “12ஆம் பக்கத்து முகம் வலப்பக்கம் பார்ப்பதாக அமைத்தோம், வாசகர் கண் கைகளுக்குப் போக வேண்டும் என்பதற்காக. கொடுத்துப் பார்த்தபோது பெரும்பாலோர் தலைப்பையே முதலில் படித்தார்கள். தலைப்பின் சிவப்பு, முகத்தைவிட உரக்கப் பேசிவிட்டது. அடுத்த இதழில் தலைப்பைக் கறுப்பில் வைப்போம்.” இதில் நோக்கம், செயல், கிடைத்த விளைவு, காரணம், அடுத்த மாற்றம் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன. இப்படி ஐந்தாறு பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாக எழுதினால் போதும்; முப்பத்திரண்டையும் தொட வேண்டாம். பக்கத்தின் சின்ன அச்சை ஒவ்வொரு பத்திக்கும் அருகில் ஒட்டுங்கள்.

குழுவாகச் செய்த இதழானால் யார் எதைச் செய்தார்கள் என்று தெளிவாக எழுதுங்கள். மெய்ப்புப் பார்த்தவரையும் கடைக்காரர்களிடம் அனுமதி பெற்றவரையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அனுமதி பெற்றவர் இல்லாவிட்டால் 12ஆம் பக்கமே இல்லை.

கடைசியாகச் சில வேலைகள். படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் உங்கள் கல்லூரி நூலகத்துக்கும் ஒவ்வொன்று. பிடிஎஃப், பக்கக் கோப்பு, எழுத்துருக்கள், சுருக்காத மூலப் படங்கள், சம்மதக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு, ஆண்டு, இதழின் பெயர், பக்க எண் என்ற வரிசையில் பெயரிட்டு, இரண்டு இடங்களில் சேமியுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் வந்து கேட்கும்போது அந்தக் கோப்புறையையும் குறிப்பேட்டையும் சேர்த்தே கொடுங்கள்.